நிகழ்தகவு 1 என்ற நிரூபணம் சிக்கினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

அல்காரிதம் பூவா தலையா போட்டுப் பார்த்து நகர்கிறது. கடைசியில் அது வேண்டிய நிலைக்கு வந்தே தீரும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமில்லை. அதைச் சரிபார்க்கும் மென்பொருள் கருவிதான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது, அல்லது கையால் எழுதும் நிரூபணம் பாதியில் நிற்கிறது. கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு வேலை. நிரூபிக்கப்போகும் வாக்கியத்தை ஒரு தாளில் முழுதாக எழுதுங்கள். "எல்லா ஓட்டமும் இலக்கை அடையும்" என்பது ஒன்று. "இலக்கை அடையும் நிகழ்தகவு 1" என்பது வேறு. "இலக்கை அடைய ஆகும் சராசரி நேரம் முடிவுள்ளது" என்பது மூன்றாவது. மூன்றாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மை. திருப்பிச் சொல்ல முடியாது. கூடவே, யார் எப்போது நகர்வது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் உண்டா, உண்டென்றால் அதற்கு எவ்வளவு தெரியும் என்பதையும் எழுதுங்கள். சிக்கிக்கிடக்கும் நிரூபணத்தை யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். கோளாறு பெரும்பாலும் அதிலேயே அகப்பட்டுவிடும்.

## அறிகுறி: முடிவே இல்லாத ஓட்டம் ஒன்றைக் கருவி எதிர்க்காட்டாக நீட்டுகிறது

அல்காரிதங்களை விவரிக்கும் மொழியான டிஎல்ஏ பிளஸ்ஸில் எழுதி, அதன் சரிபார்ப்புக் கருவியான டிஎல்சியை ஓட்டினால் அநேகமாக இதுதான் நடக்கும். தலை, தலை, தலை என்று சுற்றிச் சுற்றி வரும் ஒரு பாதையைக் காட்டி நிற்கும். கருவி சொல்வது சரி. அப்படியொரு ஓட்டம் இருக்கத்தான் செய்கிறது, அதன் நிகழ்தகவு 0, அவ்வளவுதான். ஆனால் டிஎல்ஏ பிளஸ்ஸுக்கு நிகழ்தகவே தெரியாது. நீங்கள் எழுதிய நாணயம் அதன் கண்ணில் "இதுவோ அதுவோ, எது வேண்டுமானாலும்" என்ற தேர்வு மட்டுமே. தாளில் இருப்பது இரண்டாவது வாக்கியம், கருவி சோதிப்பது முதலாவது.

நிகழ்தகவு தெரிந்த சரிபார்ப்புக் கருவிகளான பிரிஸம் அல்லது ஸ்டார்முக்கு மாறுவது ஒரு வழி. பழைய கருவியிலேயே இருந்தாக வேண்டும் என்றால், ஆமிர் ப்னுவேலி 1983-இல் முன்வைத்த யோசனை உதவும்: நாணயத்தை எடுத்துவிட்டு அதனிடத்தில் கடுமையான ஒரு நியாய நிபந்தனையை வையுங்கள். ஒரு நிலையில் நாணயம் எல்லையற்ற முறை சுண்டப்பட்டால், அந்த நிலையிலேயே பூவும் எல்லையற்ற முறை விழ வேண்டும், தலையும் விழ வேண்டும். "அந்த நிலையிலேயே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பூ என்ற செயலுக்கு மொத்தமாக ஒரு நியாயம் கொடுத்தால், பூ பயன்படாத இடங்களில் மட்டும் அதை விழவைத்துவிட்டுப் பழைய எதிர்க்காட்டே திரும்பி வரும்.

## அறிகுறி: 1 வர வேண்டிய இடத்தில் பிரிஸம் 0.999 சொச்சம் காட்டுகிறது

மாடலில் கை வைக்காதீர்கள். எண் கணக்குப் போடும்போது பிரிஸம் மதிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும். அடுத்தடுத்த இரண்டு மதிப்புகள் போதிய அளவு நெருங்கியதும் நிறுத்திவிடும். நாணயத்தைக் கொண்டு ஆறுமுகப் பகடை செய்யும் நுத், யாவ் இருவரின் 1976 முறையை அதில் ஓட்டிப் பாருங்கள். 1/6 வர வேண்டிய இடத்தில் 0.1666665 என்று தொடங்கும் எண் வரும். பகடையில் பிழையில்லை, கணக்கை நிறுத்திய இடம் அது.

"நிகழ்தகவு எவ்வளவு" என்று கேட்பதை விட்டு "நிகழ்தகவு குறைந்தது 1 தானா" என்று கேளுங்கள். அப்போது பிரிஸம் எண்களை விட்டுவிட்டு, நிலைகளின் வரைபடத்தை மட்டும் அலசி ஆம் அல்லது இல்லை என்று துல்லியமாகச் சொல்லும். ஷெட்யூலர் உள்ள மாடலில் மிகக் குறைந்த நிகழ்தகவு 0 என்று வந்தால் அது வேறு வியாதி: ஒரு புராசஸுக்கு ஷெட்யூலர் வாய்ப்பே தராமல் பட்டினி போடுகிறது. நியாயமான ஷெட்யூலர்களை மட்டும் கணக்கில் எடுக்கும் தெரிவை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

## அறிகுறி: 3, 5, 7 கணுக்களுக்கு (வலையமைப்பில் இணைந்த கணினிகளுக்கு) சரி, பொதுவாக நிரூபிக்கப் போனால் நிகழ்தகவுக் கணக்கு கைமீறுகிறது

கணக்கையே கைவிடுங்கள். நிலைகளின் எண்ணிக்கை முடிவுள்ளதாக இருந்து, எந்த நிலையிலிருந்தும் இலக்குக்கு ஒரு வழியாவது இருந்தால், நிகழ்தகவு 1 தான். அந்த வழிகளில் மிக நீளமானது கே அடி, மிக அரிதானதன் நிகழ்தகவு பி என்று வையுங்கள். எங்கிருந்து புறப்பட்டாலும் ஒவ்வொரு கே அடிக்குள்ளும் இலக்கை எட்ட குறைந்தது பி அளவு வாய்ப்பு உண்டு. தப்பிக்கொண்டே இருக்கும் வாய்ப்பு 1−பி, அதன் வர்க்கம், அதன் கனம் என்று சுருங்கி 0-க்குப் போகும். ஷெட்யூலர் இருந்தால், அது எப்படி நடத்தினாலும் இலக்கை எட்டும் வாய்ப்பு 0 ஆகாது என்று காட்ட வேண்டும். ஹார்ட், ஷரீர், ப்னுவேலி மூவரும் 1983-இல் இதை முறைப்படுத்தினார்கள். நாணயம் 1/2 ஆக இருந்தாலும் 1/1000 ஆக இருந்தாலும் முடிவு மாறாது.

டெட் ஹெர்மனின் 1990 வளைய அல்காரிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமாக இணைந்த ஒற்றைப்படை எண்ணிக்கைக் கணுக்கள், அவற்றில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் டோக்கன்கள். ஒவ்வொரு சுற்றிலும் டோக்கன் வைத்திருக்கும் கணு நாணயம் சுண்டுகிறது. பூ என்றால் டோக்கனை அடுத்த கணுவுக்குத் தள்ளும், தலை என்றால் வைத்துக்கொள்ளும். இரண்டு டோக்கன் ஒரே கணுவில் சந்தித்தால் இரண்டுமே அழியும். இலக்கு: ஒரே ஒரு டோக்கன். வழியைக் காட்டுவது சுலபம். ஏதாவது ஒரு டோக்கனுக்கு மட்டும் தொடர்ந்து பூ, மற்றதற்கெல்லாம் தலை. அது நகர்ந்து நகர்ந்து முன்னால் இருப்பதை முட்டி இரண்டு குறையும். எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருப்பதால் கடைசியில் ஒன்று மிஞ்சும். எந்த அளவு வளையத்துக்கும் இதே மூன்று வரிகள்தான். 3, 5, 7 என்று ஏறிக்கொண்டே போக வேண்டிய அவசியமில்லை.

சராசரி நேரம் வேண்டும் என்றால்தான் உழைப்பு. மூன்று டோக்கன்கள், அவற்றின் இடைவெளிகள் அ, ஆ, இ, மொத்தக் கணுக்கள் எம் என்றால் சராசரி 4 × அ × ஆ × இ ÷ எம் சுற்றுகள். சிறியதொன்றில் சரிபார்க்கலாம். 3 கணு, 3 டோக்கன், இடைவெளி எல்லாம் 1. சூத்திரம் தருவது 4/3. நேராக எண்ணினால், மூன்றும் பூ அல்லது மூன்றும் தலை விழுந்தால் மட்டுமே மூன்று டோக்கனும் தப்பும். அதன் வாய்ப்பு 1/4. மற்ற எல்லா வகையிலும் ஒரு சோடி அழிகிறது. வெற்றி வாய்ப்பு 3/4 என்றால் சராசரி 4/3 சுற்று. பொருந்துகிறது. எத்தனை டோக்கனோடு தொடங்கினாலும் மூன்று டோக்கனைச் சம இடைவெளியில் வைப்பதே மிக மோசமான தொடக்கம், அதாவது 4எம்²/27, என்று மெக்கைவரும் மோர்கனும் 2005-இல் ஊகித்தார்கள். அதற்கு நிரூபணம் 2016-இல்தான் வெளிவந்தது. நிகழ்தகவு 1 என்பதற்கு மூன்று வரி, நேரத்துக்கு இத்தனை வருடம். தாளில் எந்த வாக்கியம் இருக்கிறது என்று மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: குறையும் அளவை ஒன்று தேடினால் அது ஏறி ஏறி இறங்குகிறது

சாதாரண லூப் முடியும் என்று காட்ட, ஒவ்வொரு சுற்றிலும் குறையும் ஓர் அளவை போதும். நாணயம் வந்துவிட்டால் சில சுற்றில் அது ஏறத்தான் செய்யும். சராசரியாகக் குறைகிறதா என்று பாருங்கள். 0 அல்லது அதற்கு மேலான ஓர் அளவை வி. இலக்கை எட்டாத ஒவ்வொரு நிலையிலும், அடுத்த அடியில் வி-யின் எதிர்பார்ப்பு மதிப்பு (அதாவது சராசரி) இப்போதைய வி-யை விட எப்சிலான் அளவாவது குறைய வேண்டும். அந்த எப்சிலான் எல்லா நிலைக்கும் பொதுவான ஒரே எண். இதற்குத் தரவரிசை சூப்பர்மார்ட்டிங்கேல் என்று பெயர். கிடைத்துவிட்டால் மூன்றாவது வாக்கியமே கைக்கு வந்துவிடும்: சராசரி நேரம், தொடக்க வி-யை எப்சிலானால் வகுத்த எண்ணைத் தாண்டாது. 2/3 வாய்ப்பில் ஒன்று குறைந்து 1/3 வாய்ப்பில் ஒன்று கூடும் எண் 10-இல் தொடங்கினால், எப்சிலான் 1/3. 0-க்கு வர சராசரி 30 அடி.

## அறிகுறி: வி அழகாகக் குறைகிறது, நிரூபணமும் முடிந்துவிட்டது, ஆனால் புரோகிராம் பாதி நேரம் முடிவதே இல்லை

எல்லா அறிகுறியிலும் ஆபத்தானது இதுதான். மேலே சொன்ன எண்ணைத் திருப்பிப் போடுங்கள்: 2/3 வாய்ப்பில் ஒன்று கூடும், 1/3 வாய்ப்பில் ஒன்று குறையும். எக்ஸ் என்ற இடத்தில் வி என்பது 2/3-இன் எக்ஸ் அடுக்கு என்று எடுக்கிறேன். ஓர் அடியில் எதிர்பார்ப்பு: (2/3)(2/3) + (1/3)(3/2) = 4/9 + 1/2 = 17/18 மடங்கு. ஒவ்வொரு அடியிலும் கறாராகக் குறைகிறது, ஒருபோதும் 0-க்குக் கீழே போகாது. ஆனால் 1-இல் தொடங்கினால் 0-ஐ எட்டும் வாய்ப்பு பாதிதான். அந்த வாய்ப்பை க்யூ என்று வைத்தால், க்யூ = 1/3 + (2/3)க்யூ²; தீர்வுகள் 1/2, 1; இரண்டில் சிறியதே விடை.

எங்கே கோளாறு? குறையும் அளவு தூரம் போகப் போக மெலிகிறது. எல்லா நிலைக்கும் பொதுவான எப்சிலான் இல்லை. அதோடு இந்த வி சிறியதாவது இலக்கை நெருங்கும்போது அல்ல, இலக்கை விட்டு ஓடும்போது. சராசரி குறைகிறது என்றதும் மகிழ்ந்துவிடாமல் இரண்டைப் பாருங்கள்: ஒரே எப்சிலான் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதா, வி மிகச் சிறியதாக இருக்கும் இடம் இலக்குதானா. "இத்தனை மடங்காகக் குறைகிறது" என்று எழுதியிருக்கும் நிரூபணங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

## அறிகுறி: எந்த வி எடுத்தாலும் எப்சிலான் கிடைக்கவில்லை

இல்லாததைத் தேடிக்கொண்டிருக்கலாம். கூடுவதும் குறைவதும் 1/2, 1/2 என்றால் எண் 0-ஐ எட்டும் நிகழ்தகவு 1. ஆனால் சராசரி நேரம் முடிவிலி. எப்சிலான் கிடைத்திருந்தால் சராசரி நேரம் முடிவுள்ளதாகிவிடும். ஆகவே அது கிடைக்கவே முடியாது. தாளில் மூன்றாவது வாக்கியம் இருந்தால் அதை இரண்டாவதாகத் தளர்த்துங்கள்.

தளர்த்திய வாக்கியத்துக்கு மெக்கைவர், மோர்கன், கமின்ஸ்கி, காட்டோன் நால்வரும் 2018-இல் தந்த விதி கைகொடுக்கும். வி இலக்கில் மட்டும் 0 ஆக வேண்டும். சராசரி குறையத் தேவையில்லை, கூடாமல் இருந்தால் போதும். பதிலாக, ஒவ்வொரு அடியிலும் குறைந்தது இவ்வளவு வாய்ப்பில் வி குறைந்தது இவ்வளவு இறங்கும் என்று காட்ட வேண்டும். அந்த இரண்டு அளவும் வி-யைப் பொறுத்து மாறலாம். ஆனால் வி பெரிதாகும்போது அவை கூடக் கூடாது, எந்த வி-க்கும் 0 ஆகவும் கூடாது. 1/2, 1/2 நடையில் வி என்பது எண்ணேதான்: வாய்ப்பு 1/2, இறக்கம் 1. முடிந்தது.

அந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முந்தைய அறிகுறியின் 2/3 நடைக்கு வி = 1 − (1/2)-இன் எக்ஸ் அடுக்கு என்று எடுத்துப் பாருங்கள். இலக்கில் 0, சராசரி கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை, 1/3 வாய்ப்பில் இறக்கம் சரியாக 1 − வி. எல்லாம் பொருந்துவது போலிருக்கும். ஆனால் வி 1-ஐ நெருங்க நெருங்க இறக்கம் 0-க்கு ஒடுங்குகிறது, விதி கதவைச் சாத்துகிறது. சாத்தவும் வேண்டும், அந்த நடை பாதி நேரம் முடிவதில்லையே.

இதையும் முயன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், வாக்கியமே பொய்யாக இருக்கலாம். கட்டங்களில் நாலாபக்கமும் சமவாய்ப்பில் அலையும் நடை புறப்பட்ட இடத்துக்கு நிகழ்தகவு 1-இல் திரும்பும். முப்பரிமாணத்தில் அதே நடைக்குத் திரும்பும் வாய்ப்பு சுமார் 0.34. 1921-இல் போல்யா கண்டது இந்த வேறுபாட்டை. தானியங்கிக் கருவி கைவிரித்தால் அதையும் திட்டிப் பயனில்லை: நிகழ்தகவு 1-இல் முடியுமா என்ற கேள்வி, சாதாரண புரோகிராம் முடியுமா என்ற கேள்வியை விட ஒரு படி கடினமானது என்று கமின்ஸ்கியும் காட்டோனும் 2015-இல் காட்டியிருக்கிறார்கள்.

## அறிகுறி: எந்த நிலையிலிருந்தும் வழி இருக்கிறது, ஆனாலும் நிகழ்தகவு 1 ஆகவில்லை

நிலைகள் முடிவிலியாக இருக்கின்றன. முடிவுள்ளவற்றுக்கான விதியை நீட்டிப் பார்த்திருக்கிறீர்கள். லூப்பின் என்னாவது சுற்றில் வெளியேறும் வாய்ப்பு அந்தச் சுற்று எண்ணின் வர்க்கத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள்: 2-ஆம் சுற்றில் 1/4, அடுத்து 1/9, 1/16. எங்கே நின்றாலும் வெளியே போக வாய்ப்பு உண்டு. ஆனால் 3/4 × 8/9 × 15/16 என்று பெருக்கிக்கொண்டே போனால் அது 1/2-இல் நின்றுவிடுகிறது. பாதி ஓட்டங்கள் வெளியே வருவதே இல்லை. வர்க்கத்தை எடுத்துவிட்டு 1/2, 1/3, 1/4 என்று வைத்தால் பெருக்கம் 0-க்குப் போகும், லூப் முடிந்தே தீரும். வாய்ப்புகளுக்குப் பொதுவான கீழ்வரம்பு இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அவற்றின் கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போகிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: இரண்டு பகுதிக்கும் சராசரி நேரம் முடிவுள்ளது, ஒட்டவைத்தால் முடிவிலி

எக்ஸ் 1-இல் தொடங்குகிறது. பூ விழும் வரை எக்ஸை இரட்டிப்பாக்கு; பிறகு எக்ஸ் 0 ஆகும் வரை ஒன்று ஒன்றாகக் கழி. முதல் லூப் சராசரியாக இரண்டு சுண்டலில் முடியும். இரண்டாவதில் நாணயமே இல்லை. ஆனால் கே முறை இரட்டிப்பாகும் வாய்ப்பு 2-இன் கே+1 அடுக்கில் ஒரு பங்கு, அப்போது கழிக்க வேண்டியது 2-இன் கே அடுக்கு. ஒவ்வொரு கே-யும் சராசரியில் 1/2 சேர்க்கிறது, கூட்டினால் முடிவிலி. நிகழ்தகவு 1 என்பதைப் பகுதி பகுதியாக நிரூபித்து ஒட்டலாம், சராசரி நேரத்தை அப்படி ஒட்ட முடியாது. முழு புரோகிராமுக்கும் ஒரே வி தேடுங்கள்; முதல் லூப்பின் வி-க்குள் இரண்டாவது லூப்பின் செலவும் அடங்கியிருக்க வேண்டும்.

## அறிகுறி: தனியாக ஓட்டினால் சரி, ஷெட்யூலரைச் சேர்த்ததும் நிரூபணம் உடைகிறது

"இந்தச் சுற்றில் கலந்துகொண்டவர்களில் ஒருவருக்குப் பூ விழும் வாய்ப்பு" என்ற மாதிரி ஒரு வரி உங்கள் நிரூபணத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் கோளாறு. யார் கலந்துகொள்வது என்று முடிவுசெய்வது ஷெட்யூலர், அது ஏற்கெனவே விழுந்த நாணயங்களைப் பார்த்துவிட்டு ஆளைத் தேர்கிறது. அப்படித் தேர்ந்த கூட்டத்தின் மேல் நிபந்தனை வைத்த பிறகு 1/2 என்பது 1/2 ஆக இருக்காது.

இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். மைக்கேல் ராபின் 1982-இல் வெளியிட்ட பரஸ்பர விலக்கு அல்காரிதம் (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு புராசஸ் மட்டுமே பயன்படுத்த வைப்பது), சொன்ன உத்தரவாதத்தைத் தரவில்லை என்று ஐசக் சாயாஸ் 1992-இல் காட்டினார். அதே ஆண்டு குஷிலேவிட்ஸும் ராபினும் திருத்திய அல்காரிதத்தைக் கொண்டுவந்தார்கள். 1983-இல் பென்-ஓர் தந்த ஒருமித்த முடிவு அல்காரிதம் இன்னொரு பாடம். 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் காட்டியபடி, ஒரே ஒரு கணு செயலிழக்கக்கூடும் என்றாலே, செய்தி எப்போது வந்து சேரும் என்ற உறுதி இல்லாத, நேர ஒழுங்கற்ற வலையமைப்பில் நாணயம் இல்லாத எந்த அல்காரிதமும் ஒருமித்த முடிவுக்கு வருவதை உறுதியாக்க முடியாது. நாணயம் போட்டுத் தப்பிக்கும் யோசனை எல்லாருடைய நாணயமும் ஒருநாள் ஒத்துப்போகும் என்பதுதான். எம் கணுக்கள் என்றால் ஒரு சுற்றில் அதன் வாய்ப்பு குறைந்தது 2-இன் எம் அடுக்கில் ஒரு பங்கு. ஆகவே நிகழ்தகவு 1. கேட்கச் சுலபம். ஆனால் ஒரு கணு இந்தச் சுற்றின் நாணயத்தைச் சுண்டிவிட்ட பிறகும் இன்னொன்று பழைய சுற்றிலேயே தேங்கி நிற்கலாம், சுண்டிய நாணயத்தைப் பார்த்துவிட்டு ஷெட்யூலர் அதை நகர்த்தலாம். இந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்து, அகிலேராவும் டூய்க்கும் 2012-இல் இதன் சரிநிலை நிரூபணத்துக்கென்றே தனிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

பழுதுபார்க்க நான் பரிந்துரைப்பது லிஞ்ச், சாயாஸ், சேகலா 1994-இல் பயன்படுத்திய வடிவம்: "இந்த வகை நிலை எதிலிருந்தும், ஷெட்யூலர் என்ன செய்தாலும், இவ்வளவு நேரத்துக்குள், குறைந்தது இவ்வளவு வாய்ப்பில் அந்த வகை நிலை." சாப்பாட்டு மேசைத் தத்துவஞானிகள் என்ற புதிருக்கு (பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் முட்கரண்டியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்) லேமன், ராபின் இருவரும் தந்த அல்காரிதத்தில் அவர்கள் பெற்றது 13 நேர அலகு, 1/8 வாய்ப்பு, ஒவ்வொரு புராசஸும் ஓர் அலகுக்குள் ஓர் அடியாவது எடுக்கும் என்ற நிபந்தனையோடு. யார் கலந்துகொண்டார்கள் என்ற பேச்சே இந்த வாக்கியத்தில் இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சங்கிலியாகக் கோக்கலாம்: நேரங்களைக் கூட்ட வேண்டும், வாய்ப்புகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

## அறிகுறி: இசபெல்லோ லீனோ அளவிடத்தக்கதா என்ற துணைக் கேள்விகளால் திரையை நிரப்புகிறது

இசபெல், லீன் இரண்டும் நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்கும் கருவிகள். உங்கள் நாணயங்கள் எண்ணத்தக்கவை என்றால் பொதுவான அளவைக் கோட்பாட்டில் இறங்கவே வேண்டாம். இரண்டிலும் தனித்த பரவலுக்கென்று, ஒவ்வொரு விளைவுக்கும் அதன் நிகழ்தகவைத் தரும் பிஎம்எஃப் வகை இருக்கிறது. அதற்கு மாறினால் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் மறையும். முடியாமல் போகக்கூடிய லூப்புக்கு இசபெல்லில் எஸ்பிஎம்எஃப் வகையை எடுங்கள்: மொத்த எடை 1-க்குக் குறையலாம், குறைந்த பங்கு முடியாத ஓட்டங்களுடையது. லாஸ்லெஸ், அதாவது மொத்த எடை சரியாக 1, என்று காட்டிவிட்டால் அதுவே நிகழ்தகவு 1.

## அறிகுறி: நிரூபணம் பாஸ், மெஷின் தொங்குகிறது

விதையை, அதாவது சீரற்ற எண்களை உருவாக்கத் தொடங்கும் எண்ணை, பாருங்கள். பெயரற்ற, ஒரே மாதிரியான கணுக்கள் உள்ள வளையத்தில் நாணயமில்லாமல் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று ஆங்லுயின் 1980-இல் காட்டினார். வளையத்தின் அளவு தெரிந்தால் நாணயத்தோடு முடியும் என்று அடுத்த ஆண்டு இட்டாயும் ரோடேயும் காட்டினார்கள். அவர்களுடைய நிரூபணம் முழுக்க நிற்பது ஒரு கணுவின் நாணயத்துக்கும் இன்னொன்றின் நாணயத்துக்கும் சம்பந்தமில்லை என்பதன் மேல். ஒரே கன்டெய்னர் இமேஜிலிருந்து ஒரே விதையோடு எல்லாக் கணுவும் எழுந்தால் எல்லாரும் ஒரே எண்ணைச் சுண்டுவார்கள், சமநிலை உடையவே உடையாது. ஒவ்வொரு கணுவின் முதல் பத்து சுண்டல்களையும் லாகில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுபோல் இருந்தால், விதையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் சீரற்ற மூலத்திலிருந்து எடுக்கும்படி மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.